வீடியோ கேம் பெயர் கேட்க ஆரம்பித்த கதை

1972 செப்டம்பரில் அமெரிக்கக் கடைகளுக்கு ஒரு பெட்டி வந்தது. பெயர் மேக்னவாக்ஸ் ஒடிசி. வீட்டு டிவியோடு இணைத்து விளையாடுவதற்காக விற்கப்பட்ட முதல் வீடியோ கேம் கன்சோல் இது தான். இதற்கு மூலகாரணம் ரால்ஃப் பேர் என்ற பொறியாளர். நாஜி ஜெர்மனியிலிருந்து 1938-ல் குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா வந்து சேர்ந்த யூதர்.

ஒடிசிக்குச் சத்தம் கிடையாது, நிறம் கிடையாது. டிவி திரை மேல் ஒரு வண்ணப் பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் அது டென்னிஸ் மைதானம். வேறு தாளை ஒட்டினால் அது பேய் வீடு. யார் எத்தனை பாயிண்ட் எடுத்தார்கள் என்பதைக் கூட அந்தப் பெட்டியால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டியது தான். பகடை, விளையாட்டுக் காசு எல்லாம் கூடவே கொடுத்தார்கள். யார் விளையாடினார்கள், எத்தனை மணிக்கு விளையாடினார்கள், யார் ஜெயித்தார்கள்... எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இன்று ஒரு புதிய கன்சோலைப் பிரித்து மாட்டினால் என்ன நடக்கும்? மொழி கேட்கும். வைஃபை கேட்கும். மின்னஞ்சல் கேட்கும், பிறந்த தேதி கேட்கும். நீளமான ஒப்பந்தம் ஒன்றைக் காட்டி "சம்மதம்" என்று அழுத்தச் சொல்லும். இதெல்லாம் முடிந்த பிறகு தான் ஆட்டம். ஒன்றுமே கேட்காத பெட்டி எல்லாவற்றையும் கேட்கும் பெட்டியாக மாறியது எப்படி? இது ஒரே நாளில் நடக்கவில்லை. ஒவ்வொரு படியும் அந்தந்த நேரத்தில் நியாயமாகவே தெரிந்தது என்பது தான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

வீடியோ கேம் முதன்முதலில் பெயர் கேட்டது ஆர்கேடு கடைகளில். 1979-ல் வந்த அடாரியின் ஆஸ்டிராய்ட்ஸ், நல்ல ஸ்கோர் எடுத்தவரிடம் மூன்று எழுத்து கேட்டது. அவ்வளவு தான். சொந்த இனிஷியலைப் போடலாம், காதலி பெயரைப் போடலாம், கெட்ட வார்த்தை கூடப் போடலாம் (நிறைய பேர் அதைத் தான் போட்டார்கள்). ராத்திரி கடைக்காரர் சுவிட்சை அணைத்தால் அந்தப் பட்டியலும் போய்விடும்.

வீட்டுக் கன்சோலிலும் இதே கதை தான். நின்டெண்டோவின் செல்டா ஆட்டம் 1986-ல் ஜப்பானில் வந்தது, அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு கேசட்டாக வந்தது. (கார்ட்ரிட்ஜுக்கு நம் ஊரில் கேசட் என்று தான் பெயர். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.) ஆரம்பத்திலேயே அது பெயர் கேட்கும். ஆனால் அந்தப் பெயர் கேசட்டுக்குள் இருந்த ஒரு சின்ன பேட்டரியின் தயவில் அந்தக் கேசட்டுக்குள்ளேயே கிடக்கும். பேட்டரி செத்தால் பெயரும் போச்சு.

இன்னொன்று. 1983-ல் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் கன்சோலின் இரண்டாவது கன்ட்ரோலரில் ஒரு மைக் இருந்தது! ஜப்பானிய செல்டாவில் பெரிய காது வைத்த ஒரு ராட்சதன் வருவான். மைக்கில் கத்தினால் செத்துப் போவான். யார் கத்தினார்கள், என்ன கத்தினார்கள் என்பது அந்த மைக்குக்குப் புரியாது. சத்தம் வந்ததா இல்லையா, அது மட்டும் தான் கணக்கு. இந்த மைக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளவும், முப்பது வருடம் கழித்து இன்னொரு மைக் வரப்போகிறது.

அந்தக் காலத்தில் கம்பெனிகளுக்கு ஆட்டக்காரர் மேல் சந்தேகம் இல்லை. சந்தேகம் எல்லாம் கேசட் மேல் தான். காரணம் அடாரி பட்ட அடி. 1977-ல் வந்த அடாரி 2600 கன்சோலில் எந்தக் கம்பெனி வேண்டுமானாலும் கேசட் செய்து விற்க முடிந்தது. 1979-ல் அடாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் ஆக்டிவிஷன் கம்பெனியைத் தொடங்கி அதைச் செய்தும் காட்டினார்கள். பிறகு கண்டவர்களும் கேசட் போட, சந்தை குப்பையால் நிறைந்து 1983-ல் அமெரிக்காவில் அந்தத் தொழிலே சரிந்து விழுந்தது. விற்காத கேசட்டுகளை லாரியில் கொண்டு போய் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ ஊர்க் குப்பை மேட்டில் அடாரி புதைத்தது. 2014-ல் அதைத் தோண்டி எடுத்தும் விட்டார்கள்.

நின்டெண்டோ இதைப் பார்த்துப் பாடம் படித்தது. 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டு வந்த என்இஎஸ் கன்சோலுக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்தது. கேசட்டுக்குள் அதற்கு ஜோடியாக இன்னொரு சில்லு. இரண்டும் ஒரே ரகசியத் தாளத்தில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். தாளம் தப்பினால் கன்சோல் வினாடிக்கு ஒரு தடவை அணைந்து அணைந்து எரியும். அமெரிக்கப் பிள்ளைகள் கேசட்டை உருவி வாயால் ஊதி மறுபடி சொருகியதற்கு இந்தச் சில்லும் ஒரு காரணம். முனைகள் சரியாக ஒட்டாவிட்டால் அசல் கேசட்டையே அது போலி என்று நினைத்துக்கொள்ளும்.

இந்தப் பூட்டை உடைக்க அடாரி கேம்ஸ் கம்பெனி செய்த வேலை சினிமாவில் வைக்கலாம். சில்லைப் பிரித்துப் பார்த்துப் புரியவில்லை. உடனே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய், "எங்கள் மேல் வழக்கு இருக்கிறது, அதற்கு வேண்டும்" என்று சொல்லி அந்தச் சில்லின் நிரலையே நகல் வாங்கிவிட்டார்கள். அப்போது அப்படி ஒரு வழக்கே இல்லை! அதை வைத்து சொந்தச் சில்லு செய்து கேசட் விற்றார்கள். 1992-ல் மேல் நீதிமன்றம் நின்டெண்டோ பக்கம் நின்றது.

இவ்வளவு சண்டையிலும் ஒரு விஷயம் தெளிவு. அந்தப் பூட்டு கேட்ட கேள்வி "நீ நின்டெண்டோ அனுமதித்த கேசட்டா?" என்பது மட்டுமே. கன்ட்ரோலரைப் பிடித்திருப்பது யார் என்பது பற்றி அதற்கு அக்கறை இல்லை. கேசட்டை நண்பனுக்குக் கடன் கொடுக்கலாம், விற்கலாம், வாடகைக்கு விடலாம்.

இந்தியாவுக்கு வந்ததோ அந்தப் பூட்டு கூட இல்லாத வகை. ஜப்பானின் ஃபேமிகாமில் பூட்டுச் சில்லு கிடையாது. ஆசியா முழுக்கப் பரவிய மலிவு நகல் பெட்டிகள் எல்லாம் அந்த ஜப்பானிய மாதிரியைப் பார்த்துச் செய்தவை. 90-களில் நம் ஊர் வீடுகளில் "டிவி கேம்" என்று இருந்தது பெரும்பாலும் இது தான். மஞ்சள் கேசட், மேலே 9999 ஆட்டம் என்று எழுதியிருக்கும், உள்ளே போனால் பத்துப் பதினைந்து ஆட்டம் தான் திரும்பத் திரும்ப வரும் :-) கான்ட்ராவையும் மாரியோவையும் விளையாடிய ஒரு தலைமுறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நின்டெண்டோவுக்கு இன்று வரை தெரியாது. காசும் போகவில்லை, தகவலும் போகவில்லை. முதலாவது திருட்டு தான், மறுக்க முடியாது. ஆனால் இரண்டாவது, அசல் வாங்கியவர்களுக்கும் அன்று இருந்த சுதந்திரம்.

கன்சோல் ஆளைக் கேட்க ஆரம்பித்தது தொலைபேசி கம்பி வந்த பிறகு. 1988-ல் நின்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாமுக்கு ஒரு மோடம் விற்றது. எதற்கு? பங்கு வாங்க விற்க! நோமுரா என்ற பெரிய பங்குத் தரகுக் கம்பெனி இதில் கூட்டாளி. குதிரைப் பந்தயமும் கட்டலாம். பணம் புழங்கும் இடத்தில் ஆள் யாரென்று கேட்டுத் தானே ஆக வேண்டும். அந்த முயற்சி பெரிதாக எடுபடவில்லை.

எடுபட்டது மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் லைவ். 2002 நவம்பர் 15 அன்று தொடங்கியது. ஒரு வருட சந்தாவும் காதில் மாட்டிப் பேச ஒரு ஹெட்செட்டும் சேர்த்து 49.99 டாலர். ஒவ்வொருவருக்கும் "கேமர்டேக்" என்று ஒரு பெயர். அந்தப் பெயர் எந்த ஆட்டத்துக்குப் போனாலும் கூடவே வரும். மூன்று எழுத்து இனிஷியல் மாதிரி ராத்திரி அழிந்து போகாது. நண்பர்கள் யார், என்ன ஆட்டம், எத்தனை மணி நேரம் என்று எல்லாம் மைக்ரோசாஃப்ட் கணினியில் ஏறியது. ஆட்டக்காரர்களுக்கு இதில் வருத்தம் இல்லை, சந்தோஷம் தான். அமெரிக்காவின் ஒரு மூலையில் இருப்பவர் இன்னொரு மூலையில் இருப்பவரோடு ஹேலோ 2 விளையாடலாம், பேசலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

அதன் இன்னொரு பக்கம் 2010 ஏப்ரல் 15 அன்று தெரிந்தது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவையை மைக்ரோசாஃப்ட் அன்று நிறுத்தியது. வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியாது என்பதால் ஹேலோ 2 ஆட்டக்காரர்கள் சிலர் கன்சோலை அணைக்காமலேயே தொடர்ந்து விளையாடினார்கள். ஒவ்வொருவராக இணைப்பு அறுந்து, கடைசி ஆள் வெளியேறியது மே மாதத்தில்! டிஸ்க்கும் கையில், கன்சோலும் கையில். ஆனால் ஆட்டம் வேறு ஒருவர் வீட்டில்.

அடுத்தது சோனி. பிளேஸ்டேஷன் 3 வந்த புதிதில் (2006) அதில் லினக்ஸ் போட்டுக்கொள்ள சோனியே வசதி கொடுத்திருந்தது. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் சுமார் 1,760 பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை இணைத்து ஒரு சூப்பர் கணினியே கட்டியது. ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் 2010 ஜனவரியில் பூட்டின் ஒரு பகுதியை உடைத்ததும் சோனி பயந்தது. 2010 ஏப்ரல் 1 அன்று வந்த அப்டேட்டில் லினக்ஸ் வசதியைப் பிடுங்கிவிட்டது. விற்ற பொருளில் இருந்து ஒரு பாகத்தை வீட்டுக்கே வந்து கழற்றிக்கொண்டு போவது மாதிரி. அப்டேட் வேண்டாம் என்றால் ஆன்லைன் ஆட்டம் கிடையாது.

2011-ல் ஹாட்ஸ் மேல் சோனி வழக்குப் போட்டது. அந்த வழக்கில் நடந்த ஒரு விஷயம் அதிகம் பேசப்படாதது. ஹாட்ஸின் இணையதளத்தை வந்து பார்த்தவர்களின் ஐபி முகவரிகளைப் பெற்றுக்கொள்ள நீதிமன்றம் சோனிக்கு அனுமதி கொடுத்தது. பூட்டை உடைத்தவர் மட்டுமல்ல, அதைப் பற்றிப் படிக்கப் போனவரும் பட்டியலில் வந்தார். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

ஆனால் அதே 2011 ஏப்ரலில் சோனிக்கே திருடன் வந்தான். 17-ம் தேதிக்கும் 19-ம் தேதிக்கும் இடையில் யாரோ பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் நுழைந்தார்கள். 20-ம் தேதி சோனி மொத்த சேவையையும் நிறுத்தியது. என்ன நடந்தது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது 26-ம் தேதி! சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகள். பெயர், வீட்டு முகவரி, மின்னஞ்சல், பிறந்த தேதி எல்லாம் போனது. கார்டு எண்கள் போயிருக்கலாம் என்ற சந்தேகம் வேறு. மே 1 அன்று டோக்கியோவில் கசுவோ ஹிராய் உள்ளிட்ட சோனி அதிகாரிகள் மேடையில் குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். சேவை திரும்ப வர மே நடுப்பகுதி ஆனது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 2013 ஜனவரியில் இரண்டரை லட்சம் பவுண்ட் அபராதம் போட்டார்.

ஒரு கால்பந்து ஆட்டம் விளையாட வீட்டு முகவரி எதற்கு? இந்தக் கேள்வியைப் பலர் முதன்முதலாகக் கேட்டது அந்த மே மாதத்தில் தான். செல்டா கேசட்டின் பேட்டரிக்குள் கிடந்த பெயரைத் திருட, திருடன் வீட்டுக்கு வீடு ஏறி இறங்கியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் குவித்து வைத்தால் ஒரே தடவையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

இரண்டு வருடம் போனது. இப்போது அந்த இரண்டாவது மைக். 2013 மே 21 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிவித்தது. கினெக்ட் என்ற கேமராவும் மைக்கும் சேர்ந்த கருவி இல்லாமல் அது இயங்காது என்றது. தூங்கும் நிலையில் இருந்தாலும் "எக்ஸ்பாக்ஸ் ஆன்" என்று சொன்னால் விழித்துக்கொள்ளும். அப்படியென்றால் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று தானே அர்த்தம்? ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு ஆணையர் பீட்டர் ஷார் வெளிப்படையாகவே கண்டித்தார்.

ஜூன் 6 அன்று மைக்ரோசாஃப்ட் இன்னும் விளக்கம் கொடுத்தது: 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது கன்சோல் இணையத்தோடு பேச வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் ஓடாது. விதியைப் பாருங்கள், அதே ஜூன் 6 அன்று தான் எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களிலிருந்து பிரிசம் என்ற உளவுத் திட்டம் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதில் முதலில் சேர்ந்த கம்பெனியாக ஆவணம் காட்டியது மைக்ரோசாஃப்ட்டை! அரசுக்கு நேரடி அனுமதி எதுவும் கொடுக்கவில்லை என்று கம்பெனி மறுத்தது. ஆனால் கூடத்தில் கேமரா வைக்கச் சொல்ல இதைவிட மோசமான வாரம் வரலாற்றில் கிடைத்திருக்காது. ஜூன் 10 அன்று சோனி மேடையில் ஏறி, தன் புதிய கன்சோலில் பழைய டிஸ்க்கை நண்பருக்குக் கொடுக்கலாம், விலையும் 100 டாலர் குறைவு என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கியது. (2011-ன் அதே சோனி தான்!) ஜூன் 19-ல் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆகஸ்டில் கினெக்ட் கட்டாயமும் போனது. அடுத்த வருடம் கினெக்ட் இல்லாத பெட்டியே கடைக்கு வந்தது.

இந்த வரலாற்றில் ஆட்டக்காரர்கள் தெளிவாக ஜெயித்தது இந்த ஒரு தடவை. ஆனால் கண் எல்லாம் டிவிக்குக் கீழே இருந்த பெட்டி மேல். சட்டைப் பையில் இருந்த பெட்டியை யாரும் கவனிக்கவில்லை.

2014 ஜனவரி 27 அன்று ஸ்னோடன் ஆவணங்களிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகள் போன் செயலிகளில் இருந்து கசியும் தகவல்களைச் சேகரிக்க வழி பார்த்தன, உதாரணத்துக்கு ஆங்ரி பேர்ட்ஸ். குருவியை எறிந்து பன்றியைக் கொல்லும் ஆட்டத்தில் உளவுக்கு என்ன கிடைக்கும்? ஆட்டம் இலவசம், விளம்பரம் தான் வருமானம். விளம்பரக் கம்பெனிக்கு போனின் வகை, இடம், வயது போன்ற விவரங்கள் போகும். வழியில் நின்று பிடித்தால் போதும். ரோவியோ கம்பெனி தாங்கள் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை என்றது. அது உண்மையாகவும் இருக்கலாம். கொடுக்காமலேயே எடுக்க முடிந்தது என்பது தானே செய்தி. கோபத்தில் யாரோ ரோவியோவின் தளத்தில் புகுந்து "உளவுக் குருவிகள்" என்று பெயரை மாற்றிவிட்டுப் போனார்கள்.

ஆண்ட்ராய்ட் விஷயத்துக்கு இங்கே வர வேண்டும். ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்த மூலம், யாரும் எடுத்து மாற்றலாம். முதல் ஆண்ட்ராய்ட் போன் 2008-ல் வந்தது, 2009-லேயே ஸ்டீவ் கோண்டிக் என்ற நிரலாளர் சயனோஜென்மாட் என்ற மாற்று வடிவத்தை வெளியிட ஆரம்பித்துவிட்டார். அந்த செப்டம்பரில் கூகுளிடமிருந்து வக்கீல் நோட்டீஸ்! ஆண்ட்ராய்ட் திறந்தது தான், ஆனால் அதோடு வரும் ஜிமெயில், மேப்ஸ், மார்க்கெட் எல்லாம் கூகுளின் சொத்து, அவற்றை விநியோகிக்காதே என்றது. சரி என்று அவற்றை நீக்கிவிட்டார்கள். கூகுள் இல்லாத ஆண்ட்ராய்டும் ஓடும் என்பது பலருக்கு இப்படித் தான் தெரிய வந்தது. அதாவது தனியுரிமை ஆசையில் பிறந்த பாதை இல்லை, வக்கீல் நோட்டீஸில் பிறந்தது.

தனியுரிமைக்காகவே வந்தவர்கள் பின்னால் வந்தார்கள். 2010-ல் எஃப்-டிராய்ட் என்ற செயலிக் கடை. திறந்த மூலச் செயலிகள் மட்டும், கணக்கு தேவையில்லை, பின்தொடரும் செயலி என்றால் எச்சரிக்கையும் ஒட்டியிருக்கும். சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதன் வாரிசாக லீனியேஜ்ஓஎஸ். மாண்ட்ரேக் லினக்ஸைத் தொடங்கிய கேல் டுவால் கொண்டு வந்த /இ/ஓஎஸ். டேனியல் மிக்கே 2014-ல் தொடங்கிய பாதுகாப்பு வேலையிலிருந்து வளர்ந்து 2019-ல் இந்தப் பெயர் பெற்ற கிராஃபீன்ஓஎஸ். கூகுளிடமிருந்து தப்பிக்க நினைத்தவர்கள் கிராஃபீனுக்காகக் கூகுளின் பிக்சல் போனையே வாங்க வேண்டியிருந்தது. வேடிக்கை தான், ஆனால் வேறு பூட்டு அந்த அளவுக்கு நல்ல பூட்டாக இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

கூகுளும் சும்மா இருக்கவில்லை. 2012-லிருந்து பிளே சர்வீசஸ் என்ற மூடிய பகுதிக்குள் ஒவ்வொரு வசதியாக நகர்த்தியது. 2013-ல் ஆட்டங்களுக்கான சேவை வந்தது: ஸ்கோர் பட்டியல், சாதனைகள், சேமித்த ஆட்டம் எல்லாம் கூகுள் கணக்கில். ஆஸ்டிராய்ட்ஸின் மூன்று எழுத்து போன இடம் இது. ஆட்டம் எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் இதை நம்பி எழுதிய ஆட்டம் கூகுள் இல்லாத போனில் திறந்த உடனே மூடிக்கொள்ளும். வங்கிச் செயலி அடம் பிடித்தால் புரிகிறது. மிட்டாய் அடுக்கும் ஆட்டம் அடம் பிடித்தால்?

இதன் உச்சம் 2016. ஜூலையில் போக்கிமான் கோ வந்தது. செய்த நயான்டிக் கம்பெனி கூகுளுக்குள் பிறந்து 2015-ல் பிரிந்தது. ஆரம்பத்தில் ஐபோனில் கூகுள் கணக்கு வழியாக நுழைந்தவர்களின் மொத்தக் கணக்குக்கும் அனுமதி கேட்டிருந்தது தெரிய வந்து, செனட்டர் அல் ஃபிராங்கென் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார். தவறு என்று சொல்லித் திருத்தினார்கள். செப்டம்பரில் வந்த அப்டேட், ரூட் செய்த போன்களில் ஆட்டம் ஓடாது என்றது. காரணம் மோசடி. வீட்டில் உட்கார்ந்துகொண்டு டோக்கியோவில் நடப்பது போல ஜிபிஎஸ்ஸை ஏமாற்றி போக்கிமான் பிடித்தவர்கள் ஏராளம். நேர்மையாக வெயிலில் நடந்தவர்கள் கடுப்பானதில் தவறில்லை. ஆனால் தடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். "நீ ஏமாற்றினாயா?" என்று கேட்கவில்லை; "உன் போன் இன்னும் உன் கைக்கு வராமல் தயாரித்தவன் கையிலேயே இருக்கிறதா?" என்று கேட்டது. சொந்தப் போனைத் தன் இஷ்டப்படி மாற்றியவர் எல்லாம் சந்தேகத்துக்குரியவர் ஆனார். (நடந்தவர்கள் ஸ்கேன் செய்து கொடுத்த இடங்களை வைத்து உலக வரைபடத்துக்கான ஒரு பெரிய ஏஐ மாதிரியைச் செய்வதாக 2024 நவம்பரில் நயான்டிக் அறிவித்தது. விளையாடியவர்கள் சம்பளமில்லாமல் சர்வே எடுத்திருக்கிறார்கள்!)

அதே வருடம் டிசம்பரில் சூப்பர் மாரியோ ரன் ஐபோனுக்கு வந்தது. தனி ஆளாக விளையாடும் ஆட்டத்துக்கும் இணையம் தொடர்ந்து இருக்க வேண்டும். திருட்டைத் தடுக்க என்றது நின்டெண்டோ. விமானத்தில், சுரங்க ரயிலில் மாரியோ ஓடமாட்டார். 1985-ன் மாரியோவுக்கு மின்சாரம் மட்டும் போதுமாக இருந்தது.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது? முதலில் சேஃப்டிநெட் என்று பெயர், பிறகு பிளே இன்டெக்ரிட்டி. ஆட்டம் கூகுளைக் கேட்கும்: இந்தப் போன் நல்ல போனா? போனுக்குள் இருக்கும் சாவி, எந்த இயங்குதளம் ஏறியது என்பதற்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பும். கூகுள் சான்றளித்த இயங்குதளம் என்றால் பாஸ். இல்லாவிட்டால் ஃபெயில். கிராஃபீன்ஓஎஸ் பாதுகாப்பில் பல போன்களை விடக் கடுமையானது, ஆனாலும் அந்தச் சான்றிதழ் இல்லாததால் ஃபெயில். வருடக்கணக்கில் பாதுகாப்பு அப்டேட்டே பார்க்காத பழைய போன் பாஸாகிவிட முடிகிறது. அப்படியானால் இது சோதிப்பது பாதுகாப்பைத் தானா என்று கிராஃபீன்காரர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

அவர்கள் ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். 2021 முதல் கிராஃபீனில் பிளே சர்வீசஸைச் சாதாரண செயலி போல ஒரு கூண்டுக்குள் ஓட்டலாம். தனி அதிகாரம் கிடையாது, தொடர்புப் பட்டியலும் இடமும் கொடுத்தால் தான் தெரியும். நிறைய ஆட்டங்கள் இதில் ஒழுங்காக ஓடுகின்றன. சான்றிதழ் கேட்கும் ஆட்டங்கள் மட்டும் வாசலிலேயே நின்றுவிடும்.

கன்சோலையும் ஆண்ட்ராய்டையும் சேர்க்கப் பார்த்த கதையும் ஒன்று உண்டு. 2012 ஜூலையில் ஊயா என்ற 99 டாலர் ஆண்ட்ராய்ட் கன்சோலுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி சுமார் 86 லட்சம் டாலர் சேர்ந்தது. திறந்த கன்சோல், யாரும் பிரிக்கலாம், யாரும் ஆட்டம் எழுதலாம் என்று வாக்குறுதி. 2013-ல் பெட்டி வந்தது. மாட்டியதும் முதல் வேலையாகக் கிரெடிட் கார்டு எண் கேட்டது! 2019 ஜூன் 25 அன்று அதன் சேவை மூடப்பட்டபோது, வாங்கினாயா என்று கம்பெனியிடம் கேட்டுத் திறக்கும்படி எழுதப்பட்ட ஆட்டங்கள் கேட்க ஆளில்லாமல் நின்றன. திருகாணி திறந்திருந்தது, கணக்கு திறந்திருக்கவில்லை.

சரி, பெயர் கேட்கும் பக்கத்துக்கு நியாயமே இல்லையா என்றால் இருக்கிறது. மோசடிக்காரர் நுழைந்தால் ஆன்லைன் ஆட்டம் செத்துவிடும். குழந்தைகளோடு முகம் தெரியாதவர் பேசுவது நிஜமான ஆபத்து. ஆனால் இந்தக் காரணங்கள் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்குச் சீனா உதாரணம். 2021 ஆகஸ்டில் வந்த விதிப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டும் ஆன்லைன் ஆட்டம் ஆடலாம். அதைக் கண்காணிக்க அரசு அடையாளத்தோடு நிஜப் பெயர்ப் பதிவு. அதற்கு முந்தைய மாதமே டென்சென்ட் கம்பெனி இரவில் விளையாடுபவர் பெரியவர் தானா என்று முகத்தைப் பார்த்துச் சோதிக்க ஆரம்பித்திருந்தது.

இந்தியா 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, மக்களின் தகவல் வெளிநாட்டுக்குப் போகிறது என்பது. 2021 ஜூலையில் வேறு பெயரில் அந்த ஆட்டம் திரும்பி வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் போன் நம்பரையும் கேட்டுக்கொண்டு! தகவல் எங்கே போகிறது என்று அரசு கேட்டது. ஏன் எடுக்கப்படுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

கூகுள் இல்லாத போன் வைத்திருப்பவர்கள் அப்படியென்றால் என்ன தான் விளையாடுகிறார்கள்? எஃப்-டிராய்டில் இருப்பவை ஒரு பக்கம். ஷேட்டர்ட் பிக்சல் டஞ்சன் நல்ல உதாரணம். பிக்சல் டஞ்சன் என்ற ஆட்டத்தை எழுதியவர் அதன் நிரலைத் திறந்துவிட, 2014-ல் வேறொருவர் அதை எடுத்து வளர்க்க ஆரம்பித்து இன்று வரை வளர்த்துக்கொண்டே இருக்கிறார். விளம்பரம் இல்லை, கணக்கு இல்லை, இணையம் தேவையில்லை.

இன்னொரு பக்கம் எமுலேட்டர்கள். பழைய கன்சோலைப் போலவே நடந்துகொள்ளும் நிரல். இது சட்டப்படி செல்லுமா என்ற சண்டையை 2000-ல் அமெரிக்க மேல் நீதிமன்றம் ஒன்று தீர்த்து வைத்தது: கனெக்டிக்ஸ் கம்பெனியின் பிளேஸ்டேஷன் எமுலேட்டர் குற்றமில்லை என்று சோனிக்கு எதிராகத் தீர்ப்பு. (பிறகு சோனி அந்த எமுலேட்டரை விலைக்கு வாங்கி மூடிவிட்டது, அது வேறு கதை.) ஆட்டத்தை நகல் எடுத்துப் பரப்புவது அப்போதும் குற்றம், இப்போதும் குற்றம். புதிய கன்சோல்களின் மறையாக்கப் பூட்டை மீறினால் நிலைமை வேறு. ஸ்விட்ச் எமுலேட்டரான யுசு 2024 மார்ச்சில் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு மூடப்பட்டது.

ஆகவே உலகின் மிகக் கறாரான தனியுரிமைப் போனில் மிகச் சுலபமாக ஓடுவது முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஆட்டங்கள். அவை தனியுரிமையை மதித்து எழுதப்பட்டவை அல்ல. கேட்பதற்கு எதிரில் கம்பி இல்லாததால் கேட்காமல் விட்டவை. பரணில் பழைய கேசட்டும், அதைப் படிக்கும் கருவியும் இருந்தால் சட்டத்துக்குப் பயப்படாமலும் விளையாட முடியும்.

இந்தக் கதையில் கடைசியாக வந்த திருப்பம் 2025 ஆகஸ்டில். கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்ட் போன்களில், பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து போடும் செயலியானாலும், அதை எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று அறிவிப்பு. கெட்ட செயலிகளைத் தடுக்க என்பது காரணம். இது நடந்தால் தங்கள் கடை இப்போதிருக்கும் வடிவில் நிலைக்காது என்று எஃப்-டிராய்ட் செப்டம்பரில் எழுதியது. விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாக நவம்பரில் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது. முதலில் கேசட்டைக் கேட்டார்கள், பிறகு ஆட்டக்காரரைக் கேட்டார்கள், இப்போது முறை ஆட்டம் எழுதுகிறவருக்கு. ஆரம்பிக்கக் குறித்த மாதம் 2026 செப்டம்பர். முதலில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து.